அலியா, பியூரியா? எங்கள் வீட்டில் நடந்த ஒரு வழக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன வியாழன் இஷாவுக்குப் பிறகு வீட்டில் ஒரு சண்டை. ராத்தாவின் மகன், ஏ.எல். படிக்கிறவன், ஃபோனில் உசிக்குக்கும் டைசன் பியூரிக்கும் 2024 மே மாதம் ரியாதில் நடந்த போட்டியைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் என்ன மனே, முகம்மதலிட காலத்துல நடந்ததுதான் சண்டை" என்றார். அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மூத்தவாப்பா, அலி இப்ப இருந்தா பியூரிக்கு முன்னால மூணு ரவுண்ட் நிக்கமாட்டார். ஆளிட சைஸப் பாருங்க."

வாப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். இராச்சாப்பாடும் வேணாம் என்றுவிட்டார். உம்மா என்னைப் பார்த்தா. 'நீ படிப்பிக்கிற ஆள்தானே, தீர்த்து வை' என்ற பார்வை.

நான் கணித ஆசிரியர். எனவே ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் எண்களைப் பார்த்தேன்.

மருமகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1950களில் 49 போட்டிகளில் 49ஐயும் வென்று, ஒரு தோல்வியும் இல்லாமல் ஓய்வுபெற்ற ரொக்கி மார்சியானோவின் எடை 190 இறாத்தலுக்கும் குறைவு. இன்றைக்கென்றால் அவரை ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழேதான் போடுவார்கள். 1974இல் அலி ஜோர்ஜ் ஃபோர்மனைச் சந்தித்தபோது அவரது எடை ஏறத்தாழ 216 இறாத்தல். ரியாதில் பியூரி 262 இறாத்தல், உயரம் 6 அடி 9 அங்குலம். எடை வித்தியாசம் மட்டும் 46 இறாத்தல். ஆண்டு இரண்டில் படிக்கும் பிள்ளை ஒன்றின் எடை.

ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே போட்டிதான் அவனுக்கு மறுப்பும். உசிக் 6 அடி 3 அங்குலம், 223 இறாத்தல். கிட்டத்தட்ட அலியின் அளவு. அந்த ஆள்தான் ஒன்பதாவது சுற்றில் பியூரியைத் தள்ளாட வைத்து, நடுவரை எண்ண வைத்து, வென்றார். டிசம்பரில் திரும்பவும் வென்றார். ஆகவே தராசு மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

கம்பியூட்டரை வைத்தும் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். 1969இல் அலியையும், ஓய்வுபெற்று 13 வருடங்களான மார்சியானோவையும் ஒரு வளையத்துக்குள் விட்டு, பொய்ச்சண்டை பிடிக்க வைத்துப் படமாக்கினார்கள். யார் வென்றார் என்பதைக் கம்பியூட்டர் சொல்லும் என்றார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டியபோது மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றார். பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. படம் வெளிவர முன்னரே விமான விபத்தில் இறந்துவிட்டார். கம்பியூட்டருக்கு நாம் என்ன கொடுக்கிறோமோ அதைத்தான் அது திருப்பித் தரும்.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? ஒரு காலத்தின் பலத்தை அதிலுள்ள ஒரு பெரிய வீரனை வைத்து அளக்கக் கூடாது. அவனைத் தோற்கடிக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களை அவன் சந்தித்தானா என்று பார்க்க வேண்டும். இதுதான் என் அளவுகோல்.

1970களை எடுங்கள். 1971 மார்ச்சில் ஜோ பிரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973 ஜனவரியில் ஃபோர்மன் அந்தப் பிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை விழுத்தினார். அதே வருடம் கென் நோர்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அடுத்த வருடம் ஃபோர்மன் நோர்டனையும் இரண்டு சுற்றில் முடித்தார். கணக்குப்படி பார்த்தால் ஃபோர்மனுக்கு முன்னால் அலிக்கு வேலையே இல்லை. ஆனால் 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்தார். 'அ' பெரிது 'ஆ'வை விட, 'ஆ' பெரிது 'இ'யை விட, ஆகவே 'அ' பெரிது 'இ'யை விட என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். அந்த நால்வரிடம் இந்த விதி செல்லாது. ஒருவர்கூட மற்றவரிடமிருந்து ஒளியவில்லை.

மற்றக் காலங்களில் இது குறைவு. 1920களின் சம்பியன் ஜாக் டெம்ப்சி, ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரரைச் சந்திக்கவே இல்லை. நிறத்தை வைத்து ஆட்களை வெளியே நிறுத்திய காலம் அது. ஜோ லூயிஸ் பட்டத்தை 25 தடவை காப்பாற்றிய மாமனிதர், ஆனால் அவருக்கு ஈடாக நின்றவர்கள் ஒரு சிலரே. 1990களில் ஆட்களுக்குக் குறையில்லை: ஹோலிஃபீல்ட், லெனொக்ஸ் லூயிஸ், ரிடிக் போவ், டைசன். ஆனால் போவ் லூயிஸைச் சந்திப்பதை விட்டு, ஒரு பட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். லூயிஸும் டைசனும் சந்தித்தது 2002இல், டைசனின் நல்ல காலம் முடிந்த பிறகு. அடுத்து வந்த கிளிட்ச்கோ சகோதரர்கள் பல வருடம் ஆண்டார்கள். ஆனால் தாய்க்குக் கொடுத்த வாக்கினால் ஒருவரோடொருவர் மோதவில்லை. அது நல்ல பிள்ளைகளின் குணம்தான், ஆனால் அந்தக் காலத்தின் இரு பெரியவர்களில் யார் பெரியவர் என்று தெரியாமலே போனது. 1999இல் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒருவரே வைத்திருப்பதைப் பார்க்க 2024 வரை காத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரையும் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். தீர்ப்பு 1970களுக்கு. வாப்பாவின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. மருமகன் சும்மா விடுகிறவன் இல்லை. "சரி மாமா, அந்த ஆளுகளுக்கெல்லாம் பிறகு என்ன நடந்த?" என்று கேட்டான்.

அந்தக் கணக்கையும் எழுத வேண்டியிருந்தது. 1975இல் மணிலாவில் 14ஆம் சுற்று முடிந்தபோது பிரேசியருக்குக் கண்கள் வீங்கி மூடி, வரும் குத்தே தெரியாத நிலை. அவரது பயிற்சியாளர்தான் நிறுத்தினார். அலி, பிரேசியர், நோர்டன் மூவரையும் சந்தித்த ஜெரி குவாரி மூளை சேதமடைந்து, உடுக்கவும் சாப்பிடவும் பிறர் உதவி தேவைப்பட்டு, 1999இல் 53 வயதில் இறந்தார். அலி 38 வயதிலும் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிவாங்கினார். 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் நோய் என்றார்கள். குத்துகள்தான் காரணமா என்பதில் வைத்தியர்களிடம் பல கருத்து உண்டு. 15 சுற்றுகள் 12 ஆகக் குறைந்ததும் 1982இல் ஒரு கொரிய இளைஞர் வளையத்தில் அடிபட்டு இறந்த பிறகுதான். முகத்தில் அடிப்பதை மார்க்கம் ஏன் தடுத்தது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் அலிட ஒரு சண்டையும் பார்த்ததில்ல மனே. அப்ப நம்மட நாட்டுல டீவி ஏது. ரேடியோ நியூஸும் பேப்பரும்தான். நான் அவர டீவியில நேரடியாப் பார்த்தது 96ல, ஒலிம்பிக்ல தீபம் ஏத்தக்குள்ள. கை நடுங்கிச்சி."

எனக்கும் அது நினைவிருக்கிறது. நான் சின்னவன். வாப்பா எழும்பி வெளியே போனது ஏன் என்று அன்று தெரியவில்லை.

மருமகன் ஃபோனை எடுத்து கின்ஷாசா போட்டியைப் போட்டு வாப்பாவின் கையில் கொடுத்தான். 19 வயதில் கேட்ட வெற்றியை 70 வயதில் முதன்முதலாகப் பார்க்கிறார். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக்கொண்டே இருக்கிறார். ஐந்தாவது சுற்று. இன்னும் மூன்று சுற்றில் வெல்லப் போகிறார் என்று வாப்பாவுக்குத் தெரியும்.

"போதும் மனே, நிப்பாட்டு" என்றார். "இவ்வளவு அடிபட்டாரெண்டு பேப்பர்ல போடல்ல."

அன்று இரவு மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். வழக்கு அப்படியே நிற்கிறது. எந்தக் காலம் பலமானது என்று யாராவது கேட்டால் இப்போதும் 1970கள் என்றுதான் சொல்வேன். ஆனால் முன்பு போல சத்தமாகச் சொல்ல வரவில்லை.

உங்கள் வீட்டு வாப்பாமார் அலியைப் பற்றி என்ன சொன்னார்கள்? கீழே எழுதுங்கள். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.