இடப்பக்கக் கண்ணாடி

வலப்பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற நமக்கு இடப்பக்கக் கண்ணாடி கைக்கு எட்டாது. வண்டிக்கு வண்டி கிளீனர் இருந்த காலத்தில் அது குறையாகத் தெரியவில்லை. "தம்பி, கொஞ்சம் கீழே இறக்கு" என்றால் வெளியே கை நீட்டித் திருப்பிவிடுவான். இன்று போடியிலிருந்து பூப்பாறைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் பல பிக்கப்புகளில் டிரைவர் ஒற்றை ஆள். கிளீனரின் அந்த வேலை கதவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சுக்கு வந்துவிட்டது. எங்கள் பழைய வண்டியில் அது மக்கர் செய்தபோது, "இதெல்லாம் சொகுசுதானே, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் திரும்புகையில் அந்தச் சக்கரம் ஓடைக்குள் இறங்கப் பார்க்கிறதா, சந்தில் பைக்கில் வருபவர் எவராவது நுழைந்துவிட்டாரா என்பதை டிரைவருக்குக் காட்ட அந்தக் கண்ணாடியை விட்டால் வேறு கதியில்லை. பின்னால் வருவது டிரைவருக்குத் தெளிவாகத் தெரியும்படி கண்ணாடி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125ஆம் விதியே இருக்கிறது. மலையில் ஓட்டுகிறவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வண்டியில் ஸ்விட்சை அழுத்தினால் கண்ணாடி மேலே போனது, இடம் வலம் திரும்பியது. கீழே மட்டும் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் அப்படியே. போடியில் வயரிங் வேலை பார்க்கும் தம்பி கண்ணாடியைத் தொடவே இல்லை.

"ரெண்டு மோட்டாரும் ஒண்ணாச் சொல்லிவச்சுக் கெட்டுப்போகுமாண்ணே? மேலே ஏத்துற மோட்டார்தான் கீழேயும் இறக்குது. கரண்டு திசை மாறிப் போனா இறங்கும். ஏறுதுன்னா மோட்டார், வயர், ஃபியூஸ் எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். ஸ்விட்சுதான்."

கையில் மீட்டரை எடுக்கும் முன்பே யோசித்து முடித்துவிட்ட அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்துத்தான் ஸ்விட்சைப் பிரித்தார். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கடுகு மாதிரி, தெறித்தால் கிடைக்காது. செம்புத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு, ஒரு முனையில் மட்டும் தீய்ந்த கறுப்பு. அந்த முனைதான் கீழே இறக்குவது. எங்கள் வண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் போய்வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடைத்த தூசியும், இடுக்கி மழையில் பாதி இறக்கிய ஜன்னல் கண்ணாடி வழியே கதவில் வழிந்த ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது. பென்சில் ரப்பரால் பதமாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் கழுவி, மீட்டரை வைத்தார். பீப் என்றது. ஸ்விட்சை மூடும் முன் துளி கிரீஸ்.

மாற்று ஸ்விட்சுக்குக் கடை கடையாக ஏறியிருந்தோம். பழைய மாடல், வருவதில்லை என்றார்கள். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் இருக்கும் வரை இப்படிப்பட்ட வண்டிகள் மலையேறலாம்.

கடை வாசலிலேயே கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டோம். கீழ் விளிம்பில் பின்டயர் தரையைத் தொடுமிடம் தெரிய வேண்டும், உள் ஓரத்தில் வண்டியின் பாடி ஒரு விரல் அகலம். மழை நாளில் மேட்டுக்கு ஏறுவதாக இருந்தால், புறப்படும் முன் ஸ்விட்சை எல்லாத் திசையிலும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.