ஆர்ட்ஸ் காலேஜில் இன்ஜினீயரிங்

விருதுநகரிலிருந்து அம்மா போன் செய்தபோது வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்: பேத்தி விண்ணப்பிக்கப்போவது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு.

“ஆர்ட்ஸ் காலேஜா? ஏம்ப்பா, பிள்ள நல்லாத்தான மார்க்கு வாங்குறா?”

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கணக்கில் ஆர்ட்ஸ் காலேஜ் என்பது இன்ஜினீயரிங் கிடைக்காதவர்கள் போகிற இடம். 1998-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக் கவுன்சிலிங்குக்கு அப்பாவும் நானும் ராத்திரி பஸ்ஸில் போனோம். அப்போது கட் ஆஃப் 300-க்கு. வெளியே திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அப்பா, “இ.சி.இ. இருக்குடா, எடுத்துரு” என்றார். எடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான்கு வருஷம் சர்க்யூட் படித்தேன், பிறகு ஒரு சர்க்யூட்டையும் தொட்டதில்லை. இங்கே நியூ ஜெர்சி எடிசனில் இருபது வருஷமாக இன்சூரன்ஸ் சாஃப்ட்வேர்தான் சோறு போடுகிறது.

என் மகள் பழைய தையல் மெஷினைப் பிரித்துப்போட்டு மாட்டுவாள். அதே வாரத்தில், ரோமானியர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலங்களைப் பற்றிப் பள்ளிக்கு முப்பது பக்கம் எழுதுவாள். “இதுல எதும்மா உனக்குப் பிடிச்சது?” என்று கேட்டால், “ரெண்டும்தாம்ப்பா. ஏன் ஒண்ணுதான் சொல்லணும்?” என்கிறாள். என்னிடம் பதில் இல்லை. என்னை யாரும் கேட்டதுமில்லை.

அப்படித்தான், இலக்கியம், வரலாற்றோடு இன்ஜினீயரிங்கும் சொல்லித்தரும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைத் தேடி, ஒரு வருஷமாக சனிக்கிழமைகளில் கல்லூரி கல்லூரியாகக் காரில் அலைந்தோம். முதலில் போனது பக்கத்தில் இருக்கிற லஃபாயெட். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் ஈஸ்டன், குன்றின் மேல் கல்லூரி. 1826-ல் அனுமதி பெற்றது, 1866-லிருந்து இன்ஜினீயரிங் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1845-லேயே தொடங்கியாயிற்று. நான் இதெல்லாம் புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித் கல்லூரியின் கதை வேறு. இந்நாட்டுப் பெண்கள் கல்லூரிகளில் முதன்முதலாக இன்ஜினீயரிங் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது அது, 1999-ல். முதல் அணி பட்டம் வாங்கியது 2004-ல். அம்மாவுக்கு நான் சொன்னதில் பிடித்துப்போன ஒரே விஷயம் இதுதான்: “லேடீஸ் காலேஜா? அப்பச் சரி.”

டார்ட்மத்தில் முதலில் இன்ஜினீயரிங்கிலேயே பி.ஏ. தருகிறார்கள். மேற்கொண்டு பாடங்கள் படித்தால்தான் பி.இ. எங்கள் தெருவில் பி.ஏ., பி.இ. இரண்டையும் ஒரே ஆள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

என் மனம் நின்றது ஸ்வார்த்மோரில். பிலடெல்ஃபியாவுக்குப் பக்கம். ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே புல்வெளி மேடேறிக் கல்லூரிக்குப் போகிறது, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. குவேக்கர்கள் 1864-ல் தொடங்கியது. சுற்றிக்காட்டிய மாணவியிடம், “மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் எங்கே?” என்றேன். அப்படி ஒன்று இல்லையாம். சிவில், எலக்ட்ரிகல் என்ற பிரிவும் இல்லை; எல்லாருக்கும் இன்ஜினீயரிங் என்று ஒரே பட்டம். அந்தத் துறை இருக்கும் கட்டடத்திலேயே உயிரியலும் உளவியலும் இருக்கின்றன. லேப் மேஜையில் முறித்துப் பார்த்த மரச்சட்டம் ஒன்று கிடந்தது. என் மகள் அதைக் கையில் எடுத்து, நார் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த மாணவியோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவளுக்கு மதங்களின் வரலாறு வகுப்பு.

ஸ்வார்த்மோரில் நான்கு வருஷத்தில் 32 பாடம். இன்ஜினீயரிங், கணிதம், அறிவியல் எல்லாம் சேர்த்து 20 போக, மிச்சம் 12 வெளியே. எனக்கு வெளியே என்று கிடைத்தது டெக்னிகல் இங்கிலீஷ் ஒன்று, அதுவும் லீவு லெட்டர் எழுதுவதோடு சரி.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. ஒரே துறையில் ஆழமாக இறங்கும் மேல்நிலைப் பாடங்கள் இங்கே குறைவு. விமானம்தான் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளை பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதே நல்லது. என் மனைவி இன்னும் எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் கட்சி. வீட்டிலிருந்து இருபது நிமிஷம், மாநிலத்தவருக்குச் சலுகைக் கட்டணம். அவள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இந்தச் சின்னக் கல்லூரிகளின் விலைப்பட்டியல் வருஷத்துக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த விலையைப் பார்த்த உடனே ஓடிவிட வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கும். உங்கள் சம்பளத்தைப் போட்டால் உத்தேசமாக எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்று அது சொல்லிவிடும்.

நண்பர்கள் அதிகம் சிபாரிசு செய்தது ‘த்ரீ-டூ’ திட்டத்தை. மூன்று வருஷம் சின்னக் கல்லூரி, பிறகு கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம். முடிவில் இரண்டு பட்டம். கேட்க ஜோராக இருக்கிறது. நாங்கள் போன ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம்) இதை வழவழப்பான அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். “போன வருஷம் இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள்?” என்று கேட்டேன். “மாணவர்களுக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன” என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டேன், அதே பதில். யோசித்துப் பாருங்கள்: மூன்று வருஷம் கூடப் படித்த சிநேகிதிகள் நான்காம் வருஷம் பட்டம் வாங்க நிற்கும்போது, இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போகவேண்டும். பலர் போகாமலே நின்றுவிடுவதில் ஆச்சரியமில்லை. ஐந்தாம் வருஷப் பணம் தனி. என்னைக் கேட்டால், இன்ஜினீயரிங் அதே வளாகத்தில் இல்லாவிட்டால் வேண்டாம்.

அப்படியும் உங்கள் பிள்ளை த்ரீ-டூவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றால், இரண்டு கல்லூரியிடமும் உதவித்தொகை ஐந்தாம் வருஷத்துக்கும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டத்துக்கு, இன்ஜினீயரிங் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் ‘ஏபெட்’ (ABET) அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை; பாலத்துக்கும் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடுகிற லைசென்ஸ் வாங்கப்போகும்போது கேட்பார்கள். ஸ்வார்த்மோருக்கும் ஸ்மித்துக்கும் அது இருக்கிறது.

விண்ணப்பங்கள் போய்விட்டன, ரட்கர்ஸையும் சேர்த்து. மார்ச் கடைசிக்குள் எல்லாப் பதிலும் தெரிந்துவிடும். அம்மாவிடம் இப்போதைக்கு இன்ஜினீயரிங் காலேஜ் என்று மட்டும் திருத்திச் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை.