ஆற்றங்கரையில் இரண்டு இரவுகள்

எட்டயபுரத்துக்காரர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் தனி மரியாதை. கரிசல் பூமியில் வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் அல்லவா? முத்துசுவாமி தீட்சிதர் எங்கள் ஊருக்கு வரும் வழியில் காய்ந்த நிலத்தைக் கண்டு மனம் இரங்கி, அமிர்தவர்ஷிணி பாடி மழையை வரவழைத்தார் என்று இன்றும் கதை சொல்வார்கள். பாடத் தெரியாத நாங்கள் என்ன செய்வது? ஆடி பிறந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு, மழை பெய்கிற மலையைத் தேடிப் புறப்பட்டுவிடுவோம்!

மலைக்காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது வெள்ளைக்காரர் கற்றுத் தந்த பொழுதுபோக்கு என்று பட்டணத்தில் பலர் நினைக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன் என் ஆச்சியை அங்கே அழைத்துப் போனேன். திருவிழா நெருக்கடியில் அருவிப் பக்கம் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் முன்பே பாபநாசம் போய் அகஸ்தியர் அருவியைப் பார்த்துவிட்டோம். வருஷம் முழுவதும் வற்றாத அருவி. அதற்கும் மேலே படியேறினால் கல்யாண தீர்த்தம். சிவபெருமான் அகஸ்தியருக்குத் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பார்கள். மூச்சு வாங்கினாலும் ஏறிப் பார்க்கத்தான் வேண்டும். ஆச்சி மட்டும், "பாணதீர்த்தம் மாதிரி வருமாட்டி?" என்று உதட்டைப் பிதுக்கினாள். 'ரோஜா' படப் பாட்டில் நீங்கள் பார்த்த அருவிதான் அது. அந்நாளில் அணையில் படகேறிப் போய்க் குளித்தவள் அவள். அந்தப் படகு எப்போதோ நின்றுபோயிற்று.

மறுநாள் சோதனைச் சாவடியில் பைகளைத் துழாவி, பிளாஸ்டிக் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆகவே, சகோதரிகளே, புளிச்சாதத்தைத் தூக்குவாளியில் கொண்டு போங்கள். பழைய சேலை நாலு இருக்கட்டும். கம்பு நட்டுச் சேலையைச் சுற்றிக் கட்டினால் அதுதான் அறை, அதுதான் உடை மாற்றும் மறைவு.

கோவிலில் நான் மறக்காதது பட்டவராயன் சந்நிதி. செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாட்டைக் காக்கக் கள்வரோடு போரிட்டு மாண்ட முத்துப்பட்டனே அங்கே தெய்வம். அவனுக்குக் காணிக்கை தோல் செருப்பு! வருஷம் கழிந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்குமாம், சாமி போட்டு நடப்பதால். 2020-ல் காலமான சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் இங்கே காட்சி தருவார். ஆச்சிக்கு அவரைச் சிறு பையனாகப் பார்த்த ஞாபகம்.

இரவு ஆற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆச்சி தூங்கவில்லை. "எட்டு நாள், பத்து நாள் குடியிருந்தோம்ட்டி. இப்ப வந்ததும் போன்னு விரட்டுதான்" என்று வனக்காவலரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் இது 1988-லிருந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் இதை விட்டால் போக்கிடம் ஏது? இதைச் சொன்னால் ஆச்சி, "புலிக்கு வக்காலத்தா?" என்றாள்.

விடியற்காலையில் குளிக்கப் போனோம். உடுத்திய பழஞ்சேலையை ஆற்றோடு விட்டால் பீடை போகும் என்பது அவள் நம்பிக்கை. நான் தடுத்தேன், கேட்கவில்லை. படியில் நின்று சேலையை உருவியவள், திடீரென்று அப்படியே நின்றாள். எதிரே பாறை இடுக்குகளிலெல்லாம் துணி. சிவப்பும் பச்சையுமாக, யார் யாரோ விட்ட பீடை. நீரோட்டத்தில் நாக்கு நீட்டுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணி எங்கட்டி போகுது?"

"கோவில்பட்டிக் குழாய்க்கு, தூத்துக்குடிக்கு, மிச்சம் புன்னைக்காயல் கடலுக்கு."

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சேலையைப் பிழிந்தாள். மடித்துத் தூக்குவாளிப் பைக்குள் திணித்தாள். திரும்பும் பஸ்ஸில் பை முழுக்கச் சொட்டி என் மடியெல்லாம் ஈரம்.

எட்டயபுரம் வந்து கொடியில் அதை உலர்த்தும்போது கேட்டாள்: "அடுத்த வருசம் ஒரு ராத்திரிதான் விடுவான்னாலும், கூட்டிட்டுப் போவியாட்டி?"