மோட்டார் ரூமில் ஒரு மண் வீடு

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியெங்கும் தென்னந்தோப்புகள். எந்தத் தோப்பின் மோட்டார் ரூமில் நுழைந்தாலும் சுவரில் மண் உருண்டை ஒட்டியிருக்கும். அப்படி ஒரு தோப்பில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் கதண்டு கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், பேரன் மண்ணெண்ணெய்ப் பந்தத்தோடு மோட்டார் ரூமுக்குக் கிளம்பினார்.

"அதை எதுக்குக் கண்ணு கொளுத்தறே? கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு சொல்றமே, அந்தக் குளவி. இத்தன வருசத்துல நம்மள ஒருநாளும் கொட்டுனதில்ல" என்று தடுத்தார் அப்பத்தா.

அவர் தடுத்தது சரி. கதண்டு கூட்டமாக வாழும். கூட்டைத் தொட்டால் துரத்திக் கொட்டும். மண்குளவி தனிக்குளவி. ராணியும் இல்லை, வேலைக்காரக் குளவியும் இல்லை. ஒவ்வொரு பெண் குளவியும் தனியாகக் கூடு கட்டும். கையில் பிடித்து நசுக்கினாலொழியப் பெரும்பாலும் கொட்டாது.

ஆனால், பழமொழி சொல்வதுபோல் புழு குளவியாவதில்லை. கொட்டி மயக்கிய இரையை மண் அறையில் அடைத்து, முட்டையிட்டு, வாயை மூடிவிட்டுத் தாய்க்குளவி போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்த இரையைத் தின்று, வளர்ந்து குளவியாக வெளியேறுகிறது.

இரையை வைத்தே தனிக்குளவிகளை அடையாளம் காணலாம். ஒல்லி இடுப்பு மண்குளவி சிலந்தியைப் பிடிக்கும். அதில் ஒரு இனத்துக்கு 1781-ல் டென்மார்க் அறிஞர் ஃபேப்ரிசியஸ் வைத்த பெயரில் நம் மதராஸ்பட்டினம் இருக்கிறது. அந்த இனம் ஜப்பான் வரை பரவியுள்ளது. குட்டிப் பானை போல் கூடு கட்டும் பானைக்குளவிக்குப் பச்சைப்புழுக்கள் இரை. ஸ்கோலியா குளவி கூடே கட்டாது. மண்ணைத் தோண்டி வண்டுப் புழுவைக் கொட்டி, அதன்மேல் முட்டையிடும். காண்டாமிருக வண்டை ஒழிக்க, 1940-களில் ஆப்பிரிக்காவின் சான்சிபாரிலிருந்து பசிபிக் தீவான சமோவாவுக்கு இந்த வகைக் குளவியைக் கொண்டுபோனார்கள்.

சிலந்தியும் விவசாயிக்கு நண்பன்தான். அதனால் மண்குளவியை முழு நன்மை என்று சொல்ல முடியாது. பானைக்குளவியும் ஸ்கோலியாவும் செய்வது கூலியில்லாத வேலை. எருக்குழியில் விஷமருந்து ஊற்றினால் வண்டுப் புழுவோடு குளவியும் போய்விடும். அதற்குப் பதில் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைக் கலக்கலாம்.

ஓட்டை விழுந்த கூடு காலியானது, தாராளமாகச் சுரண்டலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மண் இருந்தால், மெயினை நிறுத்திவிட்டு எடுத்துவிட வேண்டும்.

அந்தத் தோப்பிலும் பேரன் ஸ்டார்ட்டரை மட்டும் சுத்தம் செய்தார். சுவரில் இருந்த கூடு அப்படியே இருக்கிறது.