குடத்துக்கு ஞாபகம் கிடையாது

‘ஜனரஞ்சகம்’ என்பதை வசவாகவே சொல்லிப் பழகியவன் நான். பெருநகர்ப் பள்ளித் திடலில் நடந்த அந்த அறிவியல் கூட்டத்துக்கு, பாங்கு முடிந்த அலுப்போடு, பாதியில் எழுந்துவிடும் உத்தேசத்தில்தான் போனேன்.

பேசியவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். எழுந்த புகையில், திரிக்குச் சற்று மேலே, தீக்குச்சியைக் காட்டினார். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றியது. பையன்கள் விசிலடித்தார்கள். எரிவது ஆவியான மெழுகு என்றார். 1860-61இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்குச் செய்து காட்டியது. புத்தகம் பைண்டு செய்யப் பழகியவர் அவர்.

அடுத்து குடவோலை. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் பெருமையடிக்க மட்டுமே வைத்திருக்கிறோம். இவர் குடத்தில் பத்துச் சீட்டுகள் போட்டு, ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னார். எடுத்ததைத் திரும்பப் போட்டு மறுபடி எடுத்தாள். அதே பெயர். பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, குடத்துக்கு ஞாபகம் கிடையாது என்றார். கூட்டம் சிரித்தது.

என் பக்கத்துப் பெரியவர் சிரிக்கவில்லை. “சார், அப்ப பத்துவாட்டி எடுத்தா ஆளுக்கு ஒருவாட்டி வந்துடாதா?”

பேச்சாளர் வேடிக்கையை விட்டார். கரும்பலகையில் பத்தில் ஒன்பது, பத்தில் எட்டு என்று பெருக்கிக்கொண்டே போனார். பத்தாயிரம் முறை இப்படிச் செய்தால் சுமார் நான்கு முறைதான் அப்படி அமையும். பையன்கள் கலைந்துவிட்டார்கள். மிஞ்சியது ஏழெட்டுப் பேர். நம் பத்திரிகைக்கு அது நல்ல கூட்டம். பி.ஏ. ஆங்கிலம் படித்த எனக்கு ஐந்தாவது பெருக்கலில் பிடி நழுவியது. கேட்க வெட்கம்.

பெரியவர் எழுந்து பலகைக்கு அருகே போனார்.

“பதினோரு சீட்டா இருந்தா?”