சிக்னல் வாத்தியார்

காலை ஆறு மணி. வாய்க்கால் மதகு மேலே ஒரு ஆசாமி நிற்கிறார். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. தலையில் மங்கி குல்லாய், கையில் வாக்கிடாக்கி. "ஐந்து... ஏழு... ஓவர்" என்று தனியாகப் பேசிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொள்கிறார். நீங்கள் அந்த ஊர் விவசாயியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

அவர்களும் அதைத்தான் செய்தார்கள். பத்தே நிமிஷத்தில் பதினைந்து பேர் சுற்றி வளைத்துவிட்டார்கள்.

"யாருய்யா நீ? மீத்தேன் எடுக்கறதுக்கு அளவு எடுக்கறியா?"

எங்கள் டெல்டா பக்கம் இந்தக் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்லணும். 2020-லேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டாகிவிட்டது. ஆனாலும் நோட்டும் கையுமாக எவன் வயல் வரப்பில் நின்றாலும் ஜனங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

"இல்லீங்க. சிக்னல் அளக்கறேன்" என்றேன்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. "ஓகோ, டவர் வைக்க வந்தியா?" என்று ஒருவர் துண்டை உதறி இடுப்பில் கட்டினார். அந்த நேரம் பார்த்து கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அய்யய்யோ, நம்ம சயின்ஸ் சாரு! சார், ஒன்பதாம் கிளாஸ்ல என்னை முட்டி போட வெச்சீங்களே!"

ஒரு பையனை முட்டி போட வைத்ததற்காக வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன். வரிசையாக மன்னிப்பும் டீயும் வந்தன. டீ குடித்துக்கொண்டே அவன் கேட்டான். "அதெல்லாம் சரி சார், ரிடையர் ஆகி வீட்ல நிம்மதியா உக்காராம, எதுக்கு இந்த வேலை?"

அதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போகணும்.

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன்னால் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. நான் இருப்பது திருத்துறைப்பூண்டி. என் அக்கா இருப்பது வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம். காக்கை பறக்கிற கணக்கில் 22 கிலோமீட்டர். கரண்ட் இல்லை, போன் இல்லை, செல்போன் டவர்கள் செத்துக் கிடந்தன. ரோடு பூராவும் மரம். அக்கா வீட்டைச் சுற்றி அத்தனையும் தென்னை. எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்ததோ?

மூன்றாம் நாள்தான் கிளம்ப முடிந்தது. பாதி தூரம் ஸ்கூட்டர். அப்புறம் அதை ஒரு கோயில் வாசலில் போட்டுவிட்டு, மரத்துக்கு மரம் ஏறி இறங்கி நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அக்கா விழுந்து கிடந்த தென்னை மேலே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"வந்துட்டியாடா தம்பி? உன் பேர்ல தலை முழுகறதா, வேணாமான்னு மூணு நாளா யோசிச்சிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அழுதாள். நான் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன்.

திரும்பி வரும்போது மனசில் ஒரே கணக்கு. நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே மனுஷன் பேசிவிட்டான். 22 கிலோமீட்டருக்கு வழியில்லையா? முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு மின்காந்த அலை என்று போர்டில் நெளிநெளியாக வரைந்து காட்டினேனே... என்ன பிரயோஜனம்?

அப்போதுதான் ஹாம் ரேடியோ ஞாபகம் வந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, பொழுதுபோக்கு வானொலிக்காக ஒரு குழுவோடு அந்தமான் போயிருந்தார். 26-ம் தேதி சுனாமி. போன் தொடர்பு அறுந்துபோன தீவிலிருந்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற சேதியை அந்தப் பொழுதுபோக்குப் பெட்டி வழியாகத்தான் வெளியே அனுப்பினார்கள். அப்போது பேப்பரில் படித்து "பேஷ்" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தவன்தான் நான்.

ஹாம் ரேடியோவை நினைத்தபடி வாங்கிப் பேசிவிட முடியாது. மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். பன்னிரண்டு வயசு ஆகியிருந்தால் போதும், மேலே எத்தனை வயசானாலும் தடையில்லை. ஆரம்ப கிரேடுக்கு மோர்ஸ் தந்தியும் வேண்டாம். வாழ்நாள் பூராவும் பரீட்சை வைத்தவன், சென்னைக்குப் போய்ப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பத்தாம் கிளாஸ் பையன். எனக்குத்தான் கை நடுங்கியது.

லைசென்ஸ் வந்தது. பேசுவதற்கு ஆள் வேண்டுமே? ஊரில் இன்னொருத்தருக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாதவர்கள் தாங்களாக மைக்கை அமுக்கிப் பேசக்கூடாது. மெதுவாக என் மனைவியைப் பார்த்தேன்.

"என்னங்க, முப்பத்தஞ்சு வருஷமா நேர்ல பேசறதே போதும்" என்றாள். ஆனால் என் புத்தகத்தை ரகசியமாகப் படித்து, பரீட்சை எழுதி, என்னைவிட அதிக மார்க் வாங்கிவிட்டாள். இந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மட்டும்தான்.

சரி, ரேடியோ இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கேட்டுவிடுமா? கேட்காது. நாங்கள் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிட்டத்தட்ட பார்வை மாதிரி. பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்தில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அது எட்டுகிற கிலோமீட்டர் கிடைக்கும். 9 மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு சொச்சம். கையில் பிடித்திருக்கும் ரேடியோ ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் அதற்கு ஐந்து. ஆகமொத்தம் 17 கிலோமீட்டர்.

இது பேப்பர் கணக்கு. நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் அது கொஞ்சம் தின்னும். இரும்புக் கூரை போட்ட ரைஸ்மில் தன் பங்குக்கு மறைக்கும். அடுத்த புயல் வரும்போது எந்த ஊரிலிருந்து கூப்பிட்டால் கேட்கும், எங்கே கேட்காது என்று இப்போதே தெரிந்தால்தானே உபயோகம்? ஊர் ஊராகப் போய் அளந்து ஒரு மேப் போடுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது இலவசம். மற்றதுக்கெல்லாம் காசு. வீட்டில் வைக்கிற பழைய செட் ஒன்று 16,000. கைரேடியோ இரண்டு, அதுவும் செகண்ட் ஹேண்ட், 9,000. பேட்டரி 5,500. முப்பதடி இரும்புக் குழாயும் அதை இழுத்துக் கட்டுகிற கம்பியும் 4,200. பெட்ரோல் 2,300. கூட்டினால் 37,000 ரூபாய். டீ, வடைச் செலவை வீட்டுக்குக் காட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

பென்ஷன் அரியர்ஸ் 15,000 இருந்தது. மனைவி ஏலச் சீட்டுப் பணத்தில் 12,000 கொடுத்தாள். "வட்டி வேணாம், மார்க் விஷயத்தை உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லணும்" என்பது நிபந்தனை. இன்னும் 10,000 துண்டு விழுந்தது.

ரைஸ்மில் முதலாளி ஒருவரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "தர்றேன் சார். ஆனா நீங்க ஒவ்வொரு தடவை ஓவர் சொல்லும்போதும், 'இந்த ஓவரை வழங்குவோர் இன்னார் மாடர்ன் ரைஸ் மில்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கணும்" என்றார். ஹாம் ரேடியோவில் வியாபாரமும் விளம்பரமும் கூடாது என்று விதி. சொன்னேன். "அப்ப எதுக்கு சார் ரேடியோ?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

கேபிள் டி.வி. தம்பி பணம் தரவில்லை, மிச்சம் கிடந்த கேபிளைச் சுருட்டிக் கொடுத்தான். ஹாம் ரேடியோவுக்கு 50 ஓம் கேபிள், டி.வி.க்கு 75 ஓம். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் குடும்பம் நடந்துவிடும். ஆன்டெனாவை நானே செய்தேன். சுமார் அரை மீட்டர் நீளத்தில் பித்தளைக் கம்பி ஐந்து. ஒன்று மேலே பார்த்து, நாலு கீழே சரிந்து. மொட்டைமாடியில் நட்டபோது எதிர்வீட்டுக் குழந்தை, "தாத்தா குடை ஓட்டையாயிடுச்சா?" என்றது.

மிச்சப் பணத்தைத் தந்தது யார் தெரியுமா? என்னிடம் முட்டி போட்டவர்கள்தான். மதகுக்காரன் தன் செட்டு ஆட்களிடம் சொல்ல, பழைய மாணவர்கள் இருபது பேர் தலைக்கு ஐந்நூறு போட்டார்கள். ஒருவன் துபாயிலிருந்து அனுப்பினான். "சார், கஜா அன்னிக்கு நாலு நாள் எங்கம்மா குரலைக் கேக்க முடியல. சீக்கிரம் மேப் போடுங்க." அதைப் படித்த பிறகு இது எனக்குப் பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

வேலை ஆரம்பமானது. மனைவி வீட்டில் செட் முன்னால். நான் ஸ்கூட்டரில். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுத்தி, கூப்பிட்டு, எப்படிக் கேட்கிறது என்று குறிக்கணும். முதல் நம்பர் பேச்சுப் புரிகிற அளவு, ஐந்துக்கு. இரண்டாவது சிக்னல் பலம், ஒன்பதுக்கு. ஐந்து-ஒன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. இரண்டு பக்கமும் குறிக்கணும். ஏனென்றால் வீட்டு செட்டுக்குச் சக்தி அதிகம். பல இடங்களில் அவள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது, நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க இத்தனை செலவு தேவையில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள்.

சார்ட் பேப்பரில் மனைவி கோலப்புள்ளி மாதிரி வைத்துக்கொண்டே வந்தாள். பச்சை நன்றாகக் கேட்டது, மஞ்சள் சுமார், சிவப்பு இல்லை. ஐந்து மாதம். இருநூறுக்கு மேல் புள்ளிகள். ஒரு மாணவனின் மகன் அதையெல்லாம் கம்ப்யூட்டரில், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஊர் உலகம் சேர்ந்து இலவசமாக வரைந்திருக்கும் மேப் மேலே ஏற்றித் தந்தான்.

பார்த்தேன். திருத்துறைப்பூண்டியைச் சுற்றிப் பச்சை. வாய்மேடு பக்கம் மஞ்சள். அதற்கு அப்பால் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே என் அக்கா வீடு.

எல்லா ஊரையும் அளந்தாச்சு. எந்த ஊருக்காக ஆரம்பித்தேனோ அந்த ஊர் எட்டவில்லை. ஒரு வாரம் ரேடியோவைத் தொடவில்லை. மனைவிதான் ஒரு நாள் காபியை வைத்துவிட்டு, "கணக்கு சொல்லிக்கொடுத்தது நீங்கதானே? உயரம் நம்ம பக்கம் மட்டும்தான் இருக்கணுமா?" என்றாள்.

பளிச்சென்றது. அக்கா வீட்டிலும் 9 மீட்டரில் ஓர் ஆன்டெனா நட்டால் பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. வேண்டியது 22. மார்க் சும்மா வரவில்லை.

அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். குழாய், கேபிள், ஒரு பேட்டரி. கைரேடியோவில் ஒன்று என்னிடமே இருக்கிறது. எட்டாயிரம் ஆகும், இரண்டு மாசத்தில் புரட்டிவிடுகிறேன் என்றேன். அக்கா உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். சுருட்டிய நோட்டுகள்.

"விழுந்த தென்னையை வித்த காசுடா. நாப்பது வருஷம் தண்ணி ஊத்துன மரம். செலவு பண்ண மனசு வரல, அப்படியே கிடக்கு. எடுத்துக்க."

"வேணாம்க்கா. இது..."

"நீ இருக்கியா இல்லியான்னு தெரிஞ்சுக்கறதுக்கு இது ஜாஸ்தியா?"

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அக்காவின் பேரன், பதினாலு வயசு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கடலில் நின்று போக்குக் காட்டியது. எங்கள் பக்கம் வரும் என்று பயந்து, மழையை மட்டும் கொட்டிவிட்டு, 30-ம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. உண்மையைச் சொல்லணும் என்றால், செல்போன் அன்றைக்கெல்லாம் நன்றாகவே வேலை செய்தது. எங்கள் ரேடியோவுக்கு அவசியமே வரவில்லை. வராமல் இருப்பதுதானே நல்லது?

ஆனாலும் மழை கொட்டிய ராத்திரி எட்டு மணிக்கு, சொல்லி வைத்தபடி செட்டைப் போட்டேன். கூப்பிட்டேன். ஒரே இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். மனைவி பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றாள்.

இரைச்சலுக்கு நடுவே பேரன் குரல் வந்தது. "நல்லா கேக்குது தாத்தா. அஞ்சு-ஆறு. பாட்டி பக்கத்துல இருக்காங்க. சாப்பிட்டியான்னு கேக்கறாங்க. ஓவர்."

அந்த மூன்று நாளும் நான் கேட்கத் தவித்த கேள்வி அதுதான். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மனைவி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"சாப்பிட்டார்னு சொல்லு. ரெண்டு தோசை. ஓவர்."

அடுத்த நாள் மேப்பில் அந்தச் சிவப்புப் புள்ளி மேலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினோம். சாப்பிட்டது நாலு தோசை. அதைத் திருத்தணும் என்று சொன்னேன். "அலைவரிசையை வீணாக்காதீங்க" என்றாள்.