தாளம் வேண்டும், தாளம் போட்டவர் வேண்டாமா?

அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் கொண்டுவந்த ‘தெருக்குரல்’ தொகுப்பை இன்றும் அடிக்கடி கேட்கிறேன். சினிமாவை நம்பாத இசை அது. கணினியில் உருவான மின்னணுத் தாளத்தின் மேல் அரக்கோணத்துப் பிள்ளையின் ராப். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த ஸ்னோலின் பெயரிலேயே அதில் ஒரு பாடல் இருக்கிறது.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் பக்திப்பாடல் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பறையோ சாவுக்கு மட்டும் அழைக்கப்பட்டது. அடிக்கும் ஆள் கோயிலுக்கு வெளியே நின்றார். இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில், ஏறத்தாழ 80 ஆண்டுகள் மறுக்கப்பட்ட தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

சபா வாசலிலும் கோயில் வாசலிலும் காத்திருக்காத இசை என்பதால்தான் ‘தெருக்குரல்’ எனக்கு நெருக்கமானது.

ஆனால் புகழுக்கும் ஒரு வாசல் உண்டு தோழர்களே. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அறிவு எழுதினார். உலகமே ஆடியது. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாடலையும் சொல்லி வெளியிட்ட அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது.

ஊரில் பறைக்கு நடந்ததும் இதுதான். பாட்டைப் பகிர்கிறவர்கள், எழுதியவர் பெயரையும் சேர்த்தே பகிருங்கள்.